யாரும் தூக்காத பெட்டிகள்

ஐகோர்ட்துரை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். வாங்கித் தின்ற கடன் இல்லை. மகள் கல்யாணக் கடனும் இல்லை. இணையத்தில் எழுதின ஒரே ஒரு வரிக்கான கடன்.

அந்த வரிக்குக் கீழே 'நம்புகிறேன்' என்று அழுத்தியவர்கள் அறுபத்தெட்டாயிரத்து முந்நூற்று முப்பது பேர். தலைக்கு ஐந்து ரூபாய். மெய்ப்பொறுப்புச் சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வதந்தியை நம்பி மூன்று ஊர்கள் எரிந்து போன பிறகு கொண்டுவந்த சட்டம் அது. கருத்துச் சொல்லத் தடையில்லை. திட்டலாம், புலம்பலாம், சாமி இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் 'இது நடந்தது' என்று ஒருவர் சொன்னால், தன் கையால் எழுத்தெழுத்தாகத் தட்டி, கடைசியில் 'உறுதி' என்கிற கட்டத்தில் பெருவிரலை வைக்க வேண்டும். குரலில் சொன்னால் செல்லாது. குரலை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்றாகிவிட்ட காலம். அப்புறம் துலா என்கிற கணினி உலகத்திலுள்ள பதிவேட்டையெல்லாம் புரட்டி எடைபோடும். பொய் என்று முள் சாய்ந்தால், நம்பின ஒவ்வொரு தலைக்கும் ஐந்து ரூபாய் வீதம் எழுதினவர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும்.

துரை எழுதின வரி இதுதான்: 'தெம்ராவுக்குப் போன பெட்டியில் இருந்தது மருந்து இல்லை, குண்டு. நான் என் தோளில் தூக்கினேன்.'

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பழைய துறையில் தோணிக்குச் சரக்கு ஏற்றும் ஆள். எழுத்துப் படித்தது நாற்பத்தொன்பதாம் வயதில். சொல்லிக்கொடுத்தவன் கூட வேலை பார்த்த மிக்கேல். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரக்கு வைக்கும் கிட்டங்கிக் கதவில் சாக்கட்டியால் எழுதிப்போடுவான். சரக்குச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் மேஸ்திரி கூலியில் கை வைக்க முடியாது என்பதற்காகத் தொடங்கின படிப்பு. ஆனால் துரைக்கு எழுத்து வசப்பட்டதும் அது போய் நின்ற இடம் வேறு. உலக விவகாரம் பேசும் இணைய மன்றங்களில் போய் நின்றது. எந்த நாடு எந்த நாட்டின் மேல் படையெடுத்தது, எண்ணெய் யாருக்குப் போகிறது, யார் யாரை ஏய்த்தார்கள் என்று ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு சுமைக்காரன் ஒற்றை விரலால் தட்டி ஒரு வரி போட்டால், டில்லியிலிருக்கிற புரொபசர் பதில் சொல்கிறான். இதைவிட என்ன வேண்டும்?

பேரைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஊர்ப்பக்கத்துச் சாமி பேர் என்று அங்கே யாருக்குத் தெரியும்? 'பேரிலேயே ஐகோர்ட்டு, கையில் ஆதாரம்தான் இல்லை' என்று எழுதுவார்கள். 'கீழ்க்கோர்ட்டில் ஏற்கெனவே தோற்றுவிட்டு வந்திருக்கிறார்' என்பான் இன்னொருவன். துரைக்குக் கோபம் வராது. பெட்டிக்கு அடியில் நின்றவனுக்கு வார்த்தை ஒரு சுமையா?

பெட்டி ஏறினது இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டு ஒன்பதாம் தேதி. பெரிய துறைமுகத்தில் எல்லாவற்றையும் ஊடுகதிர் வைத்துப் பார்ப்பார்கள். பழைய துறையில் அதெல்லாம் கிடையாது. ஆள் தூக்கி, தோணியில் வைத்து, தோணி போய் நடுக்கடலில் கப்பலுக்கு மாற்றும். பெட்டி மேலே மருந்துச் சின்னம், தெம்ரா என்று ஊர்ப் பேர். முதல் பெட்டி தோளில் ஏறினதுமே துரைக்குத் தெரிந்துவிட்டது. மருந்துப் பெட்டி தோளில் உட்காரும். இது கடித்தது. பதினேழாவது பெட்டி இன்னொரு சுமைக்காரன் பலவேசத்தின் கையிலிருந்து நழுவிப் பலகை பிளந்தபோது, வைக்கோலுக்குள் வரிசையாக, முழங்கை நீளத்தில், வால் வைத்த இரும்புகள். மேஸ்திரி ஓடிவந்து சாக்கைப் போட்டு மூடினான். "குழாய்ச் சாமான்லே. வேலையப் பாருங்க," என்றான். அங்கே நின்ற பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள்.

ஆனால் பதிவேட்டில் அன்றைக்குத் துரை அங்கே இல்லை. அன்று அவருக்கு வார விடுமுறை.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படுக்கையில் விழுந்தால் மற்றவர்கள் தங்கள் விடுமுறை நாளில் அவன் அடையாள வில்லையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் அவன் கணக்கில் வேலை செய்வார்கள். தோள் மாற்று என்று பேர். வாசலில் முகம் பார்க்கும் கருவி உப்புக்காற்றில் செத்து வெகுகாலமாகிறது. வில்லையை மட்டும்தான் அது படிக்கும். கூலி படுத்திருப்பவன் வீட்டுக்குப் போகும். அந்த ஆடியில் மிக்கேலுக்கு ஈரல் வீங்கிப் படுத்த படுக்கை. மாற்றி மாற்றிப் பன்னிரண்டு பேரும் அவன் வில்லையைத் தூக்கினார்கள். ஆகஸ்டு ஒன்பதில் நூற்றுப்பதினேழாம் வில்லை நாற்பத்து மூன்று பெட்டி ஏற்றியதாகக் கணக்கு. வில்லை மிக்கேலுடையது. தோள் துரையுடையது.

செப்டம்பரில் மிக்கேல் போய்ச்சேர்ந்தான். கடைசி மாதம் வரை வேலைக்கு வந்தவன் என்று பதிவேடு சொன்னதால், 'பணியிலிருக்கையில் மரணம்' என்று அவன் மனைவி செசிலிக்கு மாதம் ஏழாயிரத்து நானூறு ரூபாய் ஓய்வூதியம் வந்தது. மகள் ஜெசிந்தாவுக்கு வலிப்பு. மாத்திரைக்கு மட்டும் நாலாயிரம். மிச்சத்தில் வாடகையும் சோறும்.

போன தை மாதம், கடலுக்கு அப்பால் சண்டை நடக்கிற தெம்ரா ஊரில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஜனங்கள் மேல் குண்டு விழுந்த படம் மன்றத்தில் வந்தது. விழுந்து வெடிக்காத ஒன்றும் படத்தில் கிடந்தது. முழங்கை நீளம். வால். துரை அன்றைக்குத்தான் அந்த வரியைத் தட்டி, பெருவிரலை வைத்தார்.

நம்பினவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். எதிர்த்தவர்களும் கூடினார்கள். நம் நாடு மருந்துதான் அனுப்பும், இவன் எவனிடமோ காசு வாங்கினவன் என்றார்கள். அவர்களையெல்லாம் துரை பொருட்படுத்தவில்லை. நிதானன் என்ற பெயரில் எழுதுகிற ஒருவரைத்தான் பொருட்படுத்தினார். ஏசமாட்டார், கேலி செய்யமாட்டார். 'ஐயா, நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு என்ன சான்று?' இதையே பதினான்கு தடவை கேட்டார். துரை பதினான்கு தடவையும் பதில் சொல்லவில்லை. ஒருநாள் நிதானனே துறையின் வருகைப் பதிவை எடுத்துப் போட்டார். 'வருத்தத்தோடு சொல்கிறேன். ஐயா அன்று விடுமுறையில் இருந்திருக்கிறார்.' துலாவின் முள் அன்று சாயந்தரமே சாய்ந்தது.

நம்பின அறுபத்தெட்டாயிரம் பேரில் ஒருத்தி மட்டும் அதற்குப் பிறகும் எழுதினாள். தெம்ராக்காரி. நஸீபா என்று பேர். அந்த ரொட்டி வரிசையில் இரண்டு பையன்களைப் பறிகொடுத்தவள். குண்டு எங்கிருந்து வந்தது என்று நாடுகளின் மன்றத்தில் வழக்குப் போட்டிருந்தாள். அவள் பேச்சைக் கணினி தமிழாக்கிக் கொடுக்கும். பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். 'தாங்கள் நலமா? தாங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். சுமந்தவரின் சொல் எனக்குப் போதும். மன்றத்துக்கு மட்டும் போதாதாம்.' துரையைத் தாங்கள் என்று அழைத்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.

துலா அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் மணிமொழிக்கு முப்பது வயது இருக்கும். நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினாள்.

"ஐயா, வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. பாக்கி நின்னா உங்க தொழிலாளர் அட்டையைப் புதுப்பிக்க மாட்டாங்க. துறைக்குள்ள காலே வைக்க முடியாது. அதுக்குள்ள ரெண்டு வழி. ஒண்ணு, நீங்க அங்கதான் இருந்தீங்கன்னு காட்டணும். காட்டிட்டா கடன் ரத்து, உங்க வாக்கு உறுதின்னு ஏறும். இன்னொண்ணு, சொன்னது பொய்னு மறுப்பு எழுதித் தரணும். தந்தா பொதுமன்னிப்புல தள்ளுபடி."

"பொய்யின்னு சொன்னா மட்டும் சான்று கேக்க மாட்டீயளோ?"

அவள் லேசாகச் சிரித்தாள். "அது துலாவோட அடிப்படை விதிங்க. ஒருத்தர் தனக்குக் கெடுதல் வர்ற மாதிரி சொன்னா உடனே நம்பும். நல்லது வர்ற மாதிரி சொன்னாத்தான் நூறு கேள்வி."

"அப்படிப் பாத்தா எங்கள மாதிரி ஆளு என்ன சொன்னாலும் நம்பணும்லா. வாயத் தொறந்தாலே கெடுதல்தான வருது."

மணிமொழிக்கு அதற்குச் சிரிப்பு வரவில்லை. "உங்ககிட்ட எதாவது இருக்கா ஐயா? அன்னைக்கு நீங்க இருந்ததுக்கு?"

இருந்தது. வில்லை மாற்றிக் கட்டினேன் என்று ஒரு வரி. அடுத்தவன் வில்லையைக் கட்டுவது குற்றம் என்பதால் அது தனக்குக் கெடுதலான வரி. துலா கண்ணை மூடிக்கொண்டு நம்பும். கடன் போகும், நஸீபாவின் வழக்குக்குச் சாட்சி கிடைக்கும். மிக்கேல் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்பதும் அந்த வரியிலேயே ஏறும். செசிலிக்கு ஓய்வூதியம் நிற்கும்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் துரை.

வீட்டில் மனைவி சந்தனமாரி கம்மலை அடகுவைத்துவிட்டு மூளிக்காதோடு உட்கார்ந்திருந்தாள். "ஒலகத்துல எந்தூர்ல குண்டு விழுந்தா ஒங்களுக்கென்ன? நம்ம வீட்டு ஓட்டுல தேங்கா விழுந்து ரெண்டு மழ போயிட்டு. அதப் பேச ஒரு மன்றத்தக் காணும்."

துறையில் பலவேசம் அவரைத் தனியே கூப்பிட்டுப் பீடி கொடுத்தான். "நானுந்தான் பாத்தேன் அண்ணாச்சி. ஏங் கையில இருந்துதான் விழுந்துது. எனக்கு எழுத்து தெரியாது, தப்பிச்சேன். ஒமக்குத் தெரியும், மாட்டிக்கிட்டீரு. மிக்கேலு ஒமக்கு நல்லது பண்ணுதேன்னு பண்ணிட்டுப் போன வேல."

புதன்கிழமை சாயந்தரம் செசிலி வீட்டுக்குப் போனார். கேட்பதற்காகப் போனாரா, கேட்காமல் திரும்புவதற்காகப் போனாரா என்று அவருக்கே தெரியாது. ஜெசிந்தா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செசிலி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"எளச்சிட்டீங்களே தம்பி."

"வேல கொறவு மைனி. தோணி வாரதில்ல."

"வேல கொறஞ்சா சதைதான் போடும்." அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அந்த ஒம்பதாம் தேதி விசயம் என்னாச்சு? பலவேசம் பொண்டாட்டி சந்தையில சொன்னா. லட்சக்கணக்குல கட்டணுமாமே."

"அதெல்லாம் முடிஞ்சுட்டு. தள்ளுபடி பண்ணிட்டாவ."

"யாரு?"

"ஆபீஸ்லதான். நல்ல பொண்ணு ஒண்ணு இருக்கு அங்க."

செசிலி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள். "ஒங்க அண்ணன் சொல்லுவாரு, துரை பொய் சொன்னா எடது காது துடிக்கும்னு. நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

துரை காப்பியைக் குடித்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது. அவள் உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்து ஜெசிந்தாவுக்கு ஒன்று கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு வந்தாள். மாத்திரை டப்பாவில் எட்டோ ஒன்பதோதான் இருந்தன. துரை எழுந்துவிட்டார்.

"அவரு படுத்திருந்தப்ப நீங்க பன்னெண்டு பேரும் தூக்குனீங்கல்லா," என்றாள் செசிலி வாசலில் நின்று. "அத ஒரு நாளும் நான் மறந்தவ இல்ல."

அன்று நஸீபாவிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'திங்கட்கிழமை வழக்கு. தங்கள் வாக்கு உறுதி ஆனால் அது முதலில் படிக்கப்படும். என் இளையவன் உயரமானவன். அதனால் வரிசையில் அவனைத்தான் அனுப்புவேன். இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன்.'

துரை அதை மூன்று தடவை படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுக்கு எதையும் வேகமாகத் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்றுதான் போக வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துலா அலுவலகத்தில் மறுப்புப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டினார்: 'ஆகஸ்டு ஒன்பதாம் தேதி நான் துறையில் இல்லை. நான் எந்தப் பெட்டியையும் தூக்கவில்லை. நான் சொன்னது பொய்.' கிட்டங்கிக் கதவில் மிக்கேல் போட்டுக் காட்டின அதே எழுத்துகள்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை. பெருவிரலை வைத்தார். ஒரு நொடியில் துலா நம்பிவிட்டது. அவர் எழுதினதில் அது நம்பின முதல் வரி அதுதான்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்னே கைப்பேசி துடித்தது. நிதானன். 'தவறை ஒப்புக்கொள்ள மனத்திடம் வேண்டும். உங்கள்மீது என் மதிப்பு கூடியிருக்கிறது ஐயா.' அதன் கீழே ஏராளமான பேர் கை தட்டியிருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நஸீபாவின் செய்தி வந்தது. இந்தத் தடவை நலமா என்று கேட்கவில்லை. 'தாங்கள் அங்கே இல்லையென்றால், என் பிள்ளைகள் மேல் விழுந்தது எங்கிருந்து வந்தது?'

துரை பதில் எழுதத் தொடங்கினார். 'அம்மா' என்று தட்டினார். அதற்கு மேல் என்ன தட்டுவது? பஸ் வந்தது. போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது.

வெள்ளிக்கிழமை மதியம் மணிமொழி கூப்பிட்டாள். ரசீது வாங்க வரச்சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, செசிலின்னு ஒரு அம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க மைனிதான்," என்றார் துரை.

"நேத்து பதினோரு மணிக்குத் துறை அலுவலகத்துக்குப் போயிருக்காங்க. கைநாட்டு வச்சு வாக்குமூலம் குடுத்திருக்காங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு அலுவலர் முன்னாடி சொல்லிக் கைநாட்டு வைக்கலாம், அது செல்லும். அன்னைக்கு வீட்டுக்காரர் படுக்கையில இருந்தாரு, அவரு வில்லையக் கட்டிக்கிட்டுப் போனது நீங்கதான்னு சொல்லியிருக்காங்க."

பத்து மணி. பதினோரு மணி. துரை கணக்குப் பார்த்தார். ஒரு பஸ் தவறினால் ஆகிற நேரம்.

"அப்ப நான் சொன்னது நெசம்னு ஆயிட்டுல்லா."

மணிமொழி திரையைத் திருப்பிக் காட்டவில்லை. தானே படித்துச் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். "துலா அந்த வாக்குமூலத்த ரெண்டாப் பிரிச்சிடுச்சு ஐயா. வீட்டுக்காரர் வேலைக்கு வரலைன்னது அவங்களுக்கே கெடுதல். ஏத்துக்கிச்சு. நீங்க வந்தீங்கன்னது உங்களுக்கு நல்லது. அதுக்கு முன்னாடியே நான் வரலைன்னு நீங்க உங்களுக்குக் கெடுதலா எழுதிக் குடுத்துட்டீங்க. அதனால அந்தப் பாதிய ஏத்துக்கல."

"நான் எழுதுனத நான் இல்லங்கேன். இப்ப இங்கனயே எழுதித் தாரேன்."

"மறுப்ப மறுக்க வழியில்லைங்க. ஒரு விஷயத்துல ஒரு தடவைதான். இல்லேன்னா ஆளாளுக்கு மாத்தி மாத்திச் சொல்லுவாங்கன்னு..." அவள் முடிக்கவில்லை.

"மிக்கேலும் வரல. நானும் வரல."

"ஆமா ஐயா."

"அப்ப அந்த வில்லையில ஏறுன நாப்பத்து மூணு பெட்டிய யாரும்மா தூக்குனது?"

மணிமொழி திரையைப் பார்த்தாள். அதில் பதில் இருக்கும் என்று நம்பித்தான் பார்த்தாள் போலிருக்கிறது. "பதிவின்படி, யாரும் தூக்கலைங்க."

துரை தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். அங்கே தோல் காய்த்துக் கறுத்திருக்கும். சட்டைக்கு மேலேயே கைக்குத் தட்டுப்படும்.

அவள் ரசீதை அச்செடுத்துக் கொடுத்தாள். மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. பொதுமன்னிப்பில் தள்ளுபடி. பாக்கி இல்லை. எல்லா எழுத்தும் சரியாக இருந்தது.

வெளியே பெஞ்சில் செசிலி உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் ஜெசிந்தா அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தாள்.

"வீட்டுக்குப் போனேன். இங்க வந்திருக்கீங்கன்னு ஒங்க வீட்ல சொன்னாவ," என்றாள். "கோவிச்சுக்காதீங்க தம்பி. ஓய்வூதியம் நிக்கும்னு தெரிஞ்சுதான் போனேன். எறால் கம்பெனியில ஆள் எடுக்காங்களாம், தோலுரிக்க. நான் பாத்துக்கிடுவேன். ஒருத்தரு சொல்லாத பொய்ய அவரு தலையில வச்சுக்கிட்டு நான் எப்படிச் சோறு திங்க?"

அவள் இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "காலையில துறை ஆபீஸ்ல இருந்து ஆளு வந்து குடுத்தான். ஒங்க விசயமாத்தான் இருக்கும். படிச்சுச் சொல்லுங்க."

துரை பிரித்தார். எழுத்துக் கூட்டினார். தவறாகப் பெற்ற ஓய்வூதியம், இருபத்தாறு மாதம். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து நானூறு ரூபாய். முப்பது நாளுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். கீழே இன்னொரு வரி, சின்ன எழுத்தில்: அன்றைய சரக்கை ஐகோர்ட்துரை ஏற்றினார் என்ற தங்கள் கூற்று ஏற்கப்படவில்லை.

"என்ன போட்டிருக்கு? ஒங்க கடன் தீந்துட்டுன்னுதான?"

காது துடிப்பதை உள்ளுக்குள்ளேயே உணர முடிந்தது. அரிப்பெடுத்தவர் மாதிரி இடது கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆமா மைனி," என்றார். "தீந்துட்டுன்னுதான் போட்டிருக்கு."